எண்ணைச் சொல்லுங்கள்: மெயின்ஃப்ரேம் எமுலேட்டரில் ஐபிஎல், கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே ஐபிஎல் என்றால் மஞ்சள் சட்டை கிடையாது. இனிஷியல் புரோகிராம் லோட். பிசிக்காரர்கள் பூட் என்பதை மெயின்ஃப்ரேம்காரர்கள் சிஸ்டம்/360 வந்த 1964 முதல் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் மெஷின் ரூமில் இரவு ஆபரேட்டராகத் தொடங்கி, சிஸ்டம்ஸ் புரோகிராமராகி, இப்போது வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டரை, அதாவது மெயின்ஃப்ரேம் போல நடிக்கும் மென்பொருளை, ஓட்டிப் பொழுதைக் கழிப்பவன். ஹெர்குலிஸ், கியூஎமு (இன்னொரு எமுலேட்டர்), இசட்/விஎம் (ஒரு மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஐபிஎம் மென்பொருள்) பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது மூன்று விவரம் வேண்டும்: எந்த எமுலேட்டர், ஐபிஎல் செய்த சாதன எண் எது, திரையில் கடைசியாக வந்த வரி எது. “வரமாட்டேங்குது சார்” என்று மட்டும் எழுதினால் எனக்கும் பதில் வராது.

புது டிரெய்னி: பூட் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்குத் தனிப் பெயர்? உள்ளே நடப்பது ஒன்றுதானே?

ஒன்றில்லை. பிசியை ஆன் செய்தால் அது தானே தேடும். யூஎஸ்பியில் ஏதாவது இருக்கிறதா, டிஸ்கில் இருக்கிறதா, நெட்வொர்க்கில் யாராவது தருவார்களா என்று வீடு வீடாகக் கதவைத் தட்டும். மெயின்ஃப்ரேம் தட்டாது. எந்தச் சாதனம் என்று நீங்கள் எண் சொல்ல வேண்டும். சிஸ்டம்/360-ன் முன்பலகையில் ‘லோட் யூனிட்’ என்று மூன்று திருகுகள் இருந்தன. முதலாவது எட்டு நிலைகளில் திரும்பும், மற்ற இரண்டும் பதினாறு நிலைகளில். எண்ணை வைத்துவிட்டு லோட் பொத்தானை அழுத்த வேண்டும். இன்று ஹெர்குலிஸில் ஐபிஎல் 148 என்று அடிக்கிறீர்களே, அது அந்தத் திருகுகளை ஒன்று, நான்கு, எட்டு என்று திருப்பிய கைதான். 1 என்பது சேனல் (சாதனங்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் பகுதி), 48 என்பது அந்தச் சேனலில் இருக்கும் சாதனம். எல்லாம் ஹெக்ஸ் (பதினாறடிமான) கணக்கு, நம் வீட்டுக் கணக்கு இல்லை.

பொத்தானை அழுத்தியதும் நடப்பதுதான் அழகு. சேனல் அந்தச் சாதனத்திலிருந்து 24 பைட் படித்து நினைவகத்தில் 0-ம் முகவரியில் வைக்கும். முதல் 8 பைட் பிஎஸ்டபிள்யூ, அதாவது செயலி எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு. அடுத்த 16 பைட்டில் இரண்டு சேனல் கட்டளைகள். 24 பைட்டை இறக்கியதும் சேனல் நேராக 8-ம் முகவரிக்குப் போய், சற்று முன் தானே கொண்டுவந்து வைத்த கட்டளையை எடுத்து நிறைவேற்றும். அது அடுத்த துண்டைக் கொண்டுவரும். இத்தனையும் நடக்கும்போது செயலி கைகட்டி நிற்கும். சங்கிலி முடிந்த பிறகுதான் 0-ல் இருக்கும் பிஎஸ்டபிள்யூவை எடுத்துக்கொண்டு ஓடும்.

அந்த 24 பைட் கார்டில் இருந்தாலும் சரி, டேப்பில் இருந்தாலும் சரி, சேனலுக்கு ஒன்றுதான். டிஸ்க் என்றால் சிலிண்டர் 0, ஹெட் 0, முதல் ரெக்கார்டு. இரண்டாவது ரெக்கார்டு 144 பைட், மூன்றாவது 80 பைட் வால்யூம் லேபிள். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வரப்போகும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

ராத்திரி ஷிப்ட்: அண்ணா, ஹெர்குலிஸில் நானே கட்டிய எம்விஎஸ் 3.8ஜே, ஐபிஎம்மின் பழைய இயங்குதளம். ஐபிஎல் 150 அடித்தேன். கண் இமைக்கும் முன் “டிஸேபிள்ட் வெயிட் ஸ்டேட், பிஎஸ்டபிள்யூ 00060000 0000000எஃப்” என்று வந்து நின்றுவிடுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

எண்ணும் கடைசி வரியும் சொன்னீர்கள், உங்களுக்கு இரண்டு பத்தி.

டிஸ்க் கெடவில்லை, காலி. ஹெர்குலிஸின் டாஸ்டிஇனிட் நிரல் புது டிஸ்க் உருவாக்கும்போது முதல் ரெக்கார்டில் ஒரு பிஎஸ்டபிள்யூ எழுதி வைக்கும். அதன் கடைசி எழுத்து எஃப். “இங்கே ஐபிஎல் செய்ய ஒன்றும் இல்லை” என்று வாசலில் மாட்டிய பலகை அது. சேனல் 24 பைட்டை ஒழுங்காகப் படித்தது, செயலி அதை ஒழுங்காக ஏற்றிக்கொண்டது, அந்தப் பிஎஸ்டபிள்யூவே “நில்” என்று சொன்னதால் நின்றது. ஐபிஎல் வெற்றி, உள்ளேதான் சரக்கு இல்லை.

உங்கள் கான்ஃபிக் கோப்பைத் திறந்து 150-க்கு நேராக எந்தக் கோப்புப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்காகப் புதிதாகச் செய்த டிஸ்க்கை 150-ல் போட்டுவிட்டு, சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை 151-க்குத் தள்ளியிருப்பீர்கள். கோப்பின் பெயரை ஹெர்குலிஸ் மதிக்காது, எண்ணுக்குத்தான் மரியாதை. இன்னொன்று, எதையும் திருத்தும் முன் டிஸ்க் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுங்கள். இதை இன்று நான்கைந்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் மாணவர்: சார், இசட்/ஓஎஸ் எங்கே டவுன்லோடு செய்வது?

ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஹெர்குலிஸில் ஓட்ட ஐபிஎம் தன் இன்றைய மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸுக்கு உரிமம் தருவதில்லை. ஹெர்குலிஸை 1999-ல் தொடங்கிய ரோஜர் பவுலரே பின்னாளில் டர்போஹெர்குலிஸ் என்ற நிறுவனம் வைத்து, உரிமம் கேட்டுக் கிடைக்காமல் 2010-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஆணையம் விசாரணையும் தொடங்கியது. 2011-ல் புகார் திரும்பப் பெறப்பட்டு வழக்கு மூடப்பட்டது. அவருக்கே கிடைக்காதது நமக்குக் கிடைக்காது. படிப்பதற்கு என்றால் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் இருக்கிறது. இலவசம், உண்மையான இசட்/ஓஎஸ்ஸில் கை வைக்கலாம். வீட்டில் ஐபிஎல் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டுமா, எம்விஎஸ் 3.8ஜே இருக்கிறது. டிகே4-, டிகே5 என்று தயாராகக் கட்டிய தொகுப்புகள் கிடைக்கும். டிகே4- என்றால் ஐபிஎல் 148, டிகே5 என்றால் 390.

முரளி அல்ல: ஐபிஎல் ஆகிறது, ஆனால் எம்விஎஸ் வெயிட் 007-ல் நிற்கிறது. 3270 (ஐபிஎம் முனையத் திரை) ஜன்னலைத் திறந்தால் ஒன்றும் இல்லை.

எதை முதலில் செய்தீர்கள்? ஐபிஎல் அடித்துவிட்டு 3270 திறந்திருப்பீர்கள். தலைகீழ். 007 என்றால் “பேச எனக்கு கன்சோல் இல்லை” என்று பொருள். எம்விஎஸ் எழும்போது கன்சோல் ஆளில்லாமல் இருந்தால் அது யாரிடம் கேள்வி கேட்கும்? முதலில் 3270 எமுலேட்டரை 3270-ம் போர்ட்டில் இணையுங்கள், ஹெர்குலிஸின் முகப்பு எழுத்துகள் தெரியட்டும், அப்புறம் ஐபிஎல். சாதாரண டெல்நெட்டில் இணையாதீர்கள், அது 3270 திரை ஆகாது.

வேலை தேடுபவர்: மெயின்ஃப்ரேம் படித்தால் சென்னையில் வேலை கிடைக்குமா? எந்த இன்ஸ்டிடியூட் நல்லது?

வேலை இருக்கிறது. இன்ஸ்டிடியூட் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

டெவ்ஆப்ஸ் தம்பி: கியூஎமுவில் எஸ்390எக்ஸ் (மெயின்ஃப்ரேம் செயலி வகை) விருந்தினர், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம். எக்ஸ்86-ல் செய்வது போலவே ‘பூட் ஆர்டர்’ விருப்பத்தில் முதலில் சிடி, பிறகு டிஸ்க் என்று கொடுத்தேன். கண்டுகொள்ளவே இல்லை. இது பக் தானே?

பக் இல்லை தம்பி. அந்த விருப்பம் எஸ்390எக்ஸ்-ல் செல்லாது. ஒரு தடவைக்கு மட்டும் என்று கொடுக்கும் ‘பூட் ஒன்ஸ்’ம் செல்லாது. இங்கே ஒவ்வொரு சாதனத்தின் வரியிலேயே பூட்இண்டெக்ஸ் என்ற பண்பைக் கொடுக்க வேண்டும். பூட்இண்டெக்ஸ் 1 என்று போட்ட சாதனம்தான் ஐபிஎல் சாதனம். அந்த மூன்று திருகுகளின் வேலையை இங்கே அந்த ஒற்றை எண் செய்கிறது.

ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து நிறுவுகிறீர்கள் என்றால் விர்ட்டியோ-ஸ்கஸி கட்டுப்படுத்தி ஒன்று வைத்து, அதன் கீழ் ஸ்கஸி-சிடி சாதனமாக ஐஎஸ்ஓவைச் சேர்த்து அதற்குப் பூட்இண்டெக்ஸ் கொடுங்கள். நிறுவி முடித்ததும் எண்ணை டிஸ்க்குக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு முறையும் நிறுவல் திரையே வந்து நிற்கும், “என் லினக்ஸ் அழிந்துவிட்டது” என்று எனக்கு எழுதுவீர்கள்.

பூட்இண்டெக்ஸ் எதுவுமே கொடுக்காவிட்டால்? கியூஎமுவின் ஃபர்ம்வேர் இருக்கும் டிஸ்க்குகளைத் தடவிப் பார்த்து, பூட் ஆகிற மாதிரி ஏதாவது கிடைத்தால் ஓட்டும். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. நம்பாதீர்கள். சாதனத்துக்கு டெவ்நோவும் (சாதன எண்) நீங்களே கொடுங்கள், எஃப்இ.0.0001 என்பது போல. இல்லையென்றால் கியூஎமு தன் விருப்பப்படி எண் கொடுக்கும். நாளைக்கு ஒரு டிஸ்க் கூட்டினால் வரிசை நகரும்.

டெவ்ஆப்ஸ் தம்பி: சரி சார். ஆனால் ஒரே சாதனம்தானா? முதல் டிஸ்க்கில் பூட் ஆகவில்லை என்றால் அடுத்ததுக்குப் போகாதா? இந்தக் காலத்தில் இது அநியாயம் இல்லையா?

நெடுநாள் அப்படித்தான் இருந்தது. பூட்இண்டெக்ஸ் பலவற்றுக்குக் கொடுத்தாலும் முதலாவதை மட்டும் பார்க்கும், தோற்றால் படுத்துவிடும். அண்மைப் பதிப்புகளில் மாற்றிவிட்டார்கள். எட்டு சாதனங்கள் வரை வரிசையாக முயன்று பார்க்கும். லோட்பார்மும் (ஐபிஎல் எண்ணுடன் கொடுக்கும் கூடுதல் குறிப்பு) சாதனத்துக்குச் சாதனம் தனியாகக் கொடுக்கலாம்.

பழைய டேப் லைப்ரரியன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த மாற்றமே தப்பு. மெயின்ஃப்ரேமில் ஐபிஎல் சாதனத்தை முடிவு செய்வது மனிதன். ஒன்று தோற்றால் நின்றுவிட வேண்டும். தானாக அடுத்ததுக்குத் தாவுவது பிசி புத்தி.

உங்கள் பக்கம்தான் நானும் சாய்கிறேன் சார். காரணத்தையும் சொல்கிறேன், தம்பிக்குப் புரியட்டும். உண்மையான தளங்களில் சிஸ்ரெஸ் டிஸ்க், அதாவது சிஸ்டம் எழும் டிஸ்க், இரண்டு இருக்கும். இன்று ஓடுவது ஒன்று. அதன் நகலில் புதுத் திருத்தங்களைப் போட்டு வைப்பது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை புதியதன் எண்ணில் ஐபிஎல் செய்வோம். சரியில்லையா, பழைய எண்ணில் மறுபடி ஐபிஎல். நம் முழு பேக்அவுட் (பின்வாங்கும்) திட்டமே அந்த எண்தான். இப்போது இயந்திரம் தானாகத் தாவினால் என்ன ஆகும்? புதியது எழவில்லை என்பதே யாருக்கும் தெரியாமல் பழையது எழுந்து தொகுதி வேலைகள் (பேட்ச் ஜாப்) ஓட ஆரம்பித்துவிடும்.

டெவ்ஆப்ஸ் தம்பி: மனிதன் முடிவு செய்தால் மட்டும் தப்பு நடக்காதா சார்? இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எண்ணை மாற்றி அடிப்பது யார், இயந்திரமா?

நெத்தியடி. அந்த மனிதன் நானேதான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். புது சிஸ்ரெஸ்ஸின் எண்ணும் பழையதன் எண்ணும் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும். கையில் எழுதி வைத்திருந்த தாளில் என் கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோல இருந்தன. பழையதை ஐபிஎல் செய்துவிட்டேன். எல்லாம் அழகாக எழுந்தது, அதுதான் ஆபத்து. காலையில் சிஸ்டம்ஸ் புரோகிராமர் வந்து “நான் போட்ட திருத்தம் எங்கே?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிறேன், செக் எழுதும்போதுகூட.

பழைய டேப் லைப்ரரியன்: பார்த்தீர்களா, நீங்கள் தப்பு செய்தீர்கள், ஆனால் தப்பு யார் செய்தது என்று காலையில் தெரிந்தது. கன்சோல் லாகில் எண் இருந்தது. தானாகத் தாவினால் யாரைக் கேட்பது?

டெவ்ஆப்ஸ் தம்பி: லாகில் ஃபர்ம்வேரும் எழுதுமே. என்னிடம் நாற்பது விருந்தினர் இருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை உட்கார வைக்க முடியாது. காலி டிஸ்க்கை முதலாவதாகவும் நிறுவல் சிடியை இரண்டாவதாகவும் வைத்தால், முதல் முறை டிஸ்க் காலியாக இருப்பதால் சிடிக்குப் போகும், நிறுவியபின் டிஸ்க்கிலேயே எழும். எண்ணை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் மேலே சொன்ன “மறக்காதீர்கள்” என்பதும் தேவையில்லை.

இந்த ஒன்றுக்கு நான் தலைவணங்குகிறேன். காலி டிஸ்க் முன்னால், நிறுவல் சிடி பின்னால் என்பது நியாயமான பயன். அங்கே இரண்டாவதாக எழுவது நிறுவல் திரை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிஸ்டம் டிஸ்க்குகளை வரிசையில் வைக்காதே தம்பி. பார்வைக்கு வேறுபாடு தெரியாத இரண்டில் எது எழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒன்றுக்கு மட்டும் பூட்இண்டெக்ஸ், மற்றதுக்குக் கிடையாது. லைப்ரரியன் சார் இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

பழைய டேப் லைப்ரரியன்: மாட்டேன்.

சரி, மேலே போவோம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இசட்/ஓஎஸ் ஐஎஸ்ஓ லிங்க் ப்ளீஸ்.

மேலே பாருங்கள்.

கெர்னல் பைத்தியம்: கியூஎமு விருந்தினரில் கையால் கெர்னல் கட்டிப் பழையதன் மேலேயே எழுதினேன். இப்போது எழவில்லை. பூட்இண்டெக்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இசட்ஐபிஎல் ஓட்டினீர்களா? ஓட்டியிருக்க மாட்டீர்கள். எஸ்390 லினக்ஸில் பூட் செய்யும்போது கோப்பின் பெயரைத் தேடி யாரும் போவதில்லை. கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று இசட்ஐபிஎல் ஒரு பட்டியல் எழுதி வைக்கும், அதைப் பார்த்துத்தான் ஏற்றும். கெர்னலை மாற்றினால் பிளாக்குகள் மாறும், பட்டியல் பழையதாகிவிடும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் தபால் போடுவது போல. டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் மூலம் போட்டால் பெரும்பாலும் அதுவே இசட்ஐபிஎல்லை ஓட்டிவிடும். கையால் கட்டினால் உங்கள் பொறுப்பு.

மீட்பது சுலபம். கியூஎமுவுக்கு வெளியிலிருந்தே கெர்னல், இனிட்ஆர்டி (எழும்போது லினக்ஸுக்குத் தேவையான தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) இரண்டு கோப்புகளையும் ‘கெர்னல்’, ‘இனிட்ஆர்டி’ விருப்பங்களில் நேராகக் கொடுங்கள். ‘அப்பெண்ட்’ விருப்பத்தில் ரூட் பார்ட்டிஷன் எது என்று சொல்லுங்கள். டிஸ்க்கின் பூட் பகுதியைத் தொடாமல் எழும். உள்ளே போய் இசட்ஐபிஎல் ஓட்டிவிட்டு வெளியே வாருங்கள். செய்யும் முன் டிஸ்க் கோப்பை நகல் எடுங்கள்.

விண்டோஸ் விசிறி: ஹெர்குலிஸில் விண்டோஸ் 11 ஐபிஎல் செய்ய முடியுமா?

முடியாது. அது எக்ஸ்86-க்கு எழுதியது, இது வேறு செயலி.

சர்வர் சிவா: உபுண்டு ஐஎஸ்ஓவைச் சிடியாகச் சேர்த்து, பூட்இண்டெக்ஸ் 1 கொடுத்தும் எஸ்390எக்ஸ் விருந்தினர் எழவில்லை. கோப்புப் பெயரின் கடைசியில் ஏஎம்டி64 என்று இருக்கிறது, அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. எஸ்390எக்ஸ் என்று போட்ட ஐஎஸ்ஓவை எடுங்கள்.

விஎம் ரசிகை: இசட்/விஎம் கீழ் லினக்ஸ் நிறுவ ரீடரிலிருந்து ஐபிஎல் 00சி செய்கிறேன். எழுந்த மாதிரி இருந்து உடனே விழுந்துவிடுகிறது. மூன்று கோப்புகளும் ரீடரில் இருக்கின்றன.

நல்ல கேள்வி, இன்று இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மெய்நிகர் கார்டு ரீடர் என்பது உண்மையான கார்டு ரீடரின் ஆவி. அதற்குக் கோப்பு என்றால் 80 எழுத்துக் கார்டுகளின் கட்டு. நீங்கள் எஃப்டிபி மூலம் அனுப்பும்போது பைனரி என்று சொல்லி, ரெக்கார்டு நீளம் நிலையாக 80 என்றும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கெர்னல் துண்டு துண்டாகக் கண்டபடி வெட்டப்பட்டு நிற்கும். அடுத்தது வரிசை: முதலில் கெர்னல், பிறகு பார்ம் கோப்பு (கெர்னலுக்கான விருப்பங்கள்), கடைசியில் இனிட்ஆர்டி. பஞ்ச் செய்யும்போது, அதாவது கோப்பை ரீடருக்கு அனுப்பும்போது, தலைப்புக் கார்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தத் தலைப்புக் கார்டே முதல் கார்டாகப் போய் நிற்கும், சேனல் அதில் 24 பைட் படித்து ஏமாறும். ரீடரில் ஏற்கெனவே பழைய கோப்புகள் இருந்தால் முதலில் அவற்றைத் துடையுங்கள். போன மாதம் தோற்ற முயற்சியின் கெர்னல்தான் வரிசையில் முதலில் நிற்கும். எனக்கு நடந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் போனது.

லிப்விர்ட்: லிப்விர்ட் (மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் கருவி) எக்ஸ்எம்எல்லில் ஓஎஸ் பகுதியிலும் பூட் வரி இருக்கிறது, டிஸ்க் பகுதியிலும் பூட் ஆர்டர் இருக்கிறது. பிழை தருகிறது.

இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். ஓஎஸ் பகுதியில் இருப்பதை எடுத்துவிடுங்கள்.

லேப் உதவியாளர்: எம்விஎஸ் 3.8ஜேயை கியூஎமுவில் ஓட்டலாமா? ஹெர்குலிஸை விட வேகமாக இருக்குமே.

ஓடாது. எம்விஎஸ்ஸுக்கு சிஸ்டம்/370 செயலியும், 3350 போன்ற டாஸ்டிகளும் (மெயின்ஃப்ரேம் டிஸ்க்குகள்) வேண்டும். கியூஎமு பேசுவது இசட் கட்டமைப்பு, அதன் டிஸ்க்குகள் விர்ட்டியோ. ஹெர்குலிஸிலேயே ஆர்ச்மோட் வரியில் எஸ்/370 என்று இல்லாவிட்டால் எம்விஎஸ் 3.8ஜே எழாது. லினக்ஸுக்கு கியூஎமு, பழையதுக்கு ஹெர்குலிஸ்.

லோட்பார்ம் குழப்பம்: அலுவலகத்தில் உரிமம் பெற்ற இசட்/ஓஎஸ் டெவலப்மெண்ட் பெட்டி. ஐபிஎல் எண்ணுடன் லோட்பார்ம் என்று எட்டு எழுத்து கொடுக்கச் சொல்கிறார்கள். மந்திரம் மாதிரி இருக்கிறது.

மந்திரம் இல்லை. உதாரணத்துக்கு 012000எம்1. முதல் நான்கு எழுத்து, ஐஓடிஎஃப் கோப்பு (சாதனங்களின் விவரப் பட்டியல்) இருக்கும் டிஸ்க்கின் எண். அது ஐபிஎல் டிஸ்க்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அடுத்த இரண்டு, லோட் மெம்பர் என்ற அமைப்புக் கோப்பின் பின்னொட்டு. ஏழாவது எழுத்து, எழும்போது எவ்வளவு பேச வேண்டும், உங்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது. எம் என்றால் தகவல்களைக் காட்டும், கேள்வி கேட்காது. எட்டாவது நியூக்ளியஸ் (இயங்குதளத்தின் கரு) எண். லினக்ஸில் இதே லோட்பார்முக்கு வேறு வேலை, பூட் மெனுவில் எத்தனையாவது வரி என்று சொல்வது. பெயர் ஒன்று, பொருளை எழுகிற சிஸ்டம்தான் முடிவு செய்யும்.

சோம்பேறி: ஒவ்வொரு முறையும் ஐபிஎல் அடிக்கச் சலிப்பாக இருக்கிறது. ஹெர்குலிஸ் தொடங்கியதும் தானாக ஆகுமா?

ஆகும். ஹெர்குலிஸின் ஆர்சி கோப்பில் (தொடங்கும்போது தானாக ஓடும் கட்டளைகள்) ஐபிஎல் வரியை எழுதி வையுங்கள். ஆனால் 007 நினைவிருக்கட்டும். 3270 இணைவதற்குள் அது முந்திக்கொள்ளும். அந்த வரிக்கு முன் பாஸ் கட்டளை கொடுத்துச் சில விநாடி நிறுத்துங்கள். அப்புறம், எழுப்புவதில் காட்டும் அவசரத்தை அணைப்பதில் காட்டாதீர்கள். சிஸ்டத்தை முறையாக இறக்காமல் ஜன்னலை மூடுபவர்கள்தான் அடுத்த வாரம் “டிஸ்க் கெட்டுவிட்டது” என்று வருகிறார்கள். நகல் இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது.

இன்னொருவர்: சார், இசட்/ஓஎஸ்...

இல்லை.

ராத்திரி ஷிப்ட்: அண்ணா, நீங்கள் சொன்னதுதான். கான்ஃபிக்கில் இரண்டு வரியும் மாறியிருந்தன. திருத்தி, 3270 இணைத்துவிட்டு ஐபிஎல் 150 அடித்தேன். இப்போது கன்சோலில் “சிஸ்டம் பாராமீட்டர்களைக் குறிப்பிடு, ரிலீஸ் 03.8” என்று கேட்டு நிற்கிறது. என்ன அடிக்க?

ஆர் 00,சிஎல்பிஏ. காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள்.